மேலப்பக்கம் பிளஸ்

இப்போதுள்ள ஆட்களுக்கு எதையும் சும்மா சொல்லத் தெரியவில்லை. வாழைக்கு மருந்தடிக்க வந்தவனிடம் மழை வருமா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க அவனுக்கு வலிக்கிறது. குனிந்து போனைப் பார்த்துவிட்டு அறுபது சதவீதம் என்கிறான். அறுபது சதவீத மழையில் எந்தக் கை நனையும், எந்தக் கை காயும் என்று கேட்டால் மறுபடியும் போனைத் தடவுகிறான். முழங்கால் வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் என் காலைத் தொடவில்லை. வெளிச்சத்தில் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, படத்தில் விரல் வைத்து, இங்கேதானே வலி என்கிறார். படத்துக்கு வலித்தால் எனக்கென்ன.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவள் என் மருமகள் ஆதிரா. எறிந்த கல் விழும் என்று சொல்ல அவளுக்கு ஒரு போர்டு வேண்டும், மூன்று நிறத்தில் மார்க்கர் வேண்டும், எம்.எஸ்சி., பி.எட். வேண்டும். கோட்டாற்றில் நான் பழக்கடை வைத்திருந்த காலம் முழுக்க எத்தனையோ மட்டி வாழைக்குலை கயிறறுந்து கீழே விழுந்திருக்கிறது. ஒன்றுகூட என்னிடம் சர்டிபிகேட் கேட்டதில்லை.

அவளுக்கு வாத்தியார் வேலை வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைவு, வெறி. என் மகன் சிவபிரசாத் மஸ்கட்டில் இருக்கிறான். இரண்டு வருஷமாக வா வா என்று கூப்பிடுகிறான். இவள் போவதில்லை. "அங்க போயி நாலு சுவத்துக்குள்ள ஏசி போட்டு இருக்கதுக்கா மாமா நான் படிச்சேன்?" என்பாள். போன மாசம் அவன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இந்த ஜூனுக்குள் வேலை கிடைத்தால் இருந்துகொள், கிடைக்காவிட்டால் விசா எடுக்கிறேன், பெட்டியைக் கட்டு. அவளும் ஒத்துக்கொண்டாள். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பிரைவேட் பள்ளிக்கூடங்களில் வேலைக்குச் சேருமுன் டெமோ கிளாஸ் என்று ஒன்று எடுக்கச் சொல்லுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பாடச் சொல்கிற மாதிரி. போன வருஷம் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கல்லை இத்தனை வேகத்தில் எறிந்தால் எத்தனை செகண்டில் திரும்பி வரும் என்று கணக்கு. போர்டில் ஒரு மைனஸ் போட வேண்டிய இடத்தில் பதற்றத்தில் பிளஸ் போட்டுவிட்டாள். விடை மைனஸ் நாலு செகண்ட் என்று வந்தது. அதாவது கல்லை எறிவதற்கு நாலு செகண்டுக்கு முன்னாலேயே கல் திரும்பி வந்துவிட்டதாம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவளுக்குக் கை விறைத்து, அப்புறம் எந்த இடத்தில் பிழை என்றே தெரியவில்லை. அழிப்பானைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அதைச் சொல்லி அழுதாள். நான் ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அழாத மக்கா, இனி நீ சோறு வைக்கதுக்கு நாலு செகண்டு முன்னாலேயே நான் உண்டு முடிச்சிருகேன்" என்று வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது.

இந்த மே மாசம் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதே பாடம். கல்லேதான். வேறு பாடம் எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர்கள்தான் பாடம் கொடுப்பார்களாம்.

வீட்டில் ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும். நான்தான் இருக்கிறேன்.

"மாமா, நீங்க பிளஸ் ஒண்ணு படிக்குத பிள்ளைன்னு நெனச்சுக்கிடுங்கோ."

"மூணாங்கிளாஸ் தாண்டாதவன எப்பிடிட்டி பிளஸ் ஒண்ணுல சேத்தாவ? நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலியே."

"பாத்தேளா, தொடங்கியாச்சு. பிள்ளையள் இப்பிடி எதுத்துப் பேசாது."

"பின்ன நீ பிள்ளையளக் கண்டதே இல்ல."

ஒரு வெள்ளை போர்டு வாங்கி வைத்திருந்தாள். மாட்ட ஆணி இல்லாததால் அதைத் தரையில் போட்டுக்கொண்டு முழங்காலிட்டு எழுதினாள். நான் நாற்காலியில் இருந்து குனிந்து பார்த்தேன்.

"ஒரு கல்லை எறியுகோம் மாமா. செகண்டுக்கு இருபது மீட்டர் வேகம். மேலப்பக்கம் பிளஸ்னு வச்சுக்கிடுவோம், கீழப்பக்கம் மைனஸ்."

சொல்லிக்கொண்டே ஒரு அம்பு வரைந்தாள். அம்பின் முனை ஜன்னலைப் பார்த்து நின்றது. ஜன்னலுக்கு அப்பால், மேற்கே, பக்கத்து வீட்டு அன்னக்கிளி வீடு.

எங்கள் ஊரில் மேலப்பக்கம் என்றால் மேற்கு. கீழப்பக்கம் என்றால் கிழக்கு. மேலத்தெரு மேற்கே இருக்கிறது, கீழத்தெரு கிழக்கே இருக்கிறது. மேலத்தெரு மொட்டைமாடியில் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. ஆகையால் நான் உள்ளதைச் சொன்னேன்.

"வேண்டாம் மக்கா. அன்னக்கிளி போன மாசந்தான் கூரை ஷீட்டு மாத்தியிருக்கா."

கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். "நல்ல பிள்ளையா கேளுங்கோ மாமா. கல்லு மேலப்பக்கம் போவப் போவ வேகம் கொறையும். கடைசியில நிக்கும். பெறவு கீழப்பக்கமா திரும்பி வரும்."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இந்த மாசங்களில் எங்கள் பக்கம் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். ஆரல்வாய்மொழியில் கரண்டு எடுக்கிற இத்தனை காற்றாடி சும்மாவா சுற்றுகிறது. மேற்கே எறிந்த கல்லை அந்தக் காற்று எதிர்க்கும், வேகம் குறையும், கல் சின்னதென்றால் திருப்பிக்கூட அடிக்கும். படித்தவள் சொன்னதில் முதல் தடவையாக ஒன்று எனக்கு விளங்கியது. சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

"வெளங்குகு. காத்துதான காரணம்?"

"காத்த நாம கணக்குல எடுக்கல மாமா. காத்து இல்லேன்னு வச்சுக்கிடணும்."

"காத்து இல்லேன்னா பின்ன கல்லு எப்பிடித் திரும்பி வரும்?"

"பூமி இழுக்கும்."

"கீழப்பக்கமா?"

"கீழப்பக்கந்தான். பின்ன மேலப்பக்கமா இழுக்கும்?"

பூமி கிழக்கே இழுக்கும் என்று இந்த வயசுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அப்படியானால் அஞ்சுகிராமத்திலிருந்து மேற்கே நாகர்கோவில் போகிற பஸ்ஸுக்கு டீசல் கூடுதல் பிடிக்க வேண்டும், திரும்பி வரும்போது சும்மாவே உருண்டு வர வேண்டும். டிரைவர் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது.

அவள் வேறு வழியாக வந்தாள். "மாமா, நீங்க கடை வச்சிருந்தேள்லா. கீழ நிக்கவன் வாழக்குலைய லாரி மேல நிக்கவனுக்கு எறியும்போ..."

"எறிவானா? பழம் நசுங்கிப் போவும். கைமாத்தித்தான் ஏத்துவோம். குலைய எறிஞ்சா அவன நான் எறிவேன்."

போர்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஒரு வாரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடம் எடுத்தாள். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை.

டெமோ அன்று காலை அவள் ஸ்கூட்டரை எடுத்தபோது நானும் பின்னால் ஏறினேன். எதற்கு என்று கேட்டாள். புதுப் பள்ளிக்கூடம், எப்படிப்பட்டவர்களோ, ஒரு ஆம்பிளை கூட வந்தால் நல்லது என்றேன். உண்மை என்னவென்றால், வீட்டில் தனியாக இருந்து ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பது என்னால் முடியாது. வழியெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மேலப்பக்கம் பிளஸ், கீழப்பக்கம் மைனஸ். விநாயகர் கோவிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டபோதும் உதடு அதைத்தான் சொன்னது.

பள்ளிக்கூடம் லீவு. ஒரு பிள்ளை இல்லை. தாளாளர் கோலப்பன் சிமெண்டு வியாபாரம் பண்ணிப் பள்ளிக்கூடம் கட்டினவர். சிமெண்டு மூட்டையை ஏற இறங்கப் பார்க்கிற மாதிரியே ஆளையும் பார்க்கிறார். பிரின்சிபால் சேலத்துக்காரர், மெலிந்த மனுஷன், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறதாம்.

"பிள்ளைகள் இல்லாம டெமோ எப்படி?" என்றார் பிரின்சிபால்.

"இருக்கவங்கள இருத்துவோம் சார்" என்றார் கோலப்பன்.

வாட்ச்மேன் மரியானைக் கூப்பிட்டார்கள். மணவாளக்குறிச்சிக்காரர், கடலுக்குப் போய்க்கொண்டிருந்து, வயசானதும் இங்கே வந்தவர். வேன் டிரைவர் ஒருவன். ஆபீசில் டைப் அடிக்கிற பெண் ஷிபா. கோலப்பன் என்னைப் பார்த்தார்.

"ஓய் பெரியவரே, நீரும் இரியும்."

"நான் மூணாங்கிளாஸ்."

"பரவால்ல. இங்க சேர்க்கைக்கு ஆளில்லாமத்தான் கெடக்கு."

பெஞ்சில் இருந்தேன். கால் உள்ளே நுழையவில்லை. ஆதிரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்பது. திறப்பதில்லை என்று நானும் தலையாட்டினேன்.

நன்றாகத்தான் தொடங்கினாள். குரல் தெளிவாக இருந்தது. கல், வேகம், பூமியின் இழுப்பு. கண்ணாடிக்கு முன்னால் கேட்டதுபோலவே ஒரு சொல் பிசகாமல் வந்தது. "மேலப்பக்கம் பிளஸ்னு வச்சுக்கிடுவோம்" என்று அம்பு போட்டாள். அங்கேதான் எனக்கு இடித்தது. இங்கே போர்டு சுவரில் மாட்டியிருந்தது. வீட்டில் அன்னக்கிளி வீட்டைக் காட்டிய அம்பு இங்கே மின்விசிறியைக் காட்டியது.

கண்டுகொள்ளாமல் இருந்தேன். கொடுத்த வாக்கு.

கணக்குக்கு வந்தாள். மைனஸ் போடுகிற இடத்தில் கை ஒரு கணம் நின்றது, பிறகு மைனஸ் போட்டது. நான் மூச்சுவிட்டேன். சரியாக அந்த நேரத்தில் பிரின்சிபால் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

"ஒரு நிமிஷம்மா. அந்த மைனஸ் ஏன்?"

"சார், கிராவிட்டி கீழ்நோக்கி..."

"அது சரி. நான் கீழ்நோக்கித்தான் பிளஸ்னு சொல்றேன்னு வைங்க. அப்போ?"

ஆதிரா வாயைத் திறந்தாள். மூடினாள். போர்டைத் திரும்பிப் பார்த்தாள். பிளஸ்ஸைப் பார்த்தாள், மைனஸ்ஸைப் பார்த்தாள். மார்க்கர் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். நாகர்கோவிலில் என்ன நடந்தது என்று அன்று அவள் அழுதுகொண்டு சொன்னதை நான் இப்போது நேரே பார்த்தேன். கை அப்படியேதான் விறைத்தது. கோலப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மஸ்கட் விமானம் எனக்குக் காதில் இரைந்தது.

பிரின்சிபால் நல்லவர். அவளுக்கு நேரம் கொடுக்க எண்ணித்தான் எங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அவருடைய கெட்ட நேரம், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு இதுவரைக்கும் புரிஞ்சுதுங்களா?"

கேட்டால் சொல்லவேண்டும். பொய் சொல்ல எனக்கு வராது.

"இல்ல."

"எது புரியல?"

"மேலப்பக்கம் பிளஸ்ங்கா. வீட்டுல வச்சு அம்ப அன்னக்கிளி வீட்டுக்கு நேர போட்டா. அதுதான் மேலப்பக்கம், செரி. இங்க ஃபேனுக்கு நேர போடுகா. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மேலப்பக்கம் கக்கூஸுல்லா இருக்கு. வரும்போ பாத்தேன்."

மரியான் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். வேன் டிரைவர் வாய்விட்டே சிரித்தான். கோலப்பனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிரின்சிபாலுக்கு மட்டும் ஒன்றும் ஓடவில்லை.

"கக்கூஸ் எப்படி மேலே இருக்கும்? கிரவுண்ட் ஃப்ளோர்லதானே இருக்கு?"

"சார், இங்க மேலப்பக்கம்னா மேக்கு" என்றார் கோலப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கீழப்பக்கம்னா கெழக்கு. உங்க சேலத்துல எப்படியோ."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. வாக்கை மீறியாயிற்று, அவள் பாடத்தையும் கக்கூஸில் கொண்டு போட்டாயிற்று. ஆதிரா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மேஜையில் யாரோ கீறிவைத்திருந்த பேரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா" என்றாள்.

நிமிர்ந்தேன். கோபம் இல்லை. புதிதாக ஏதோ ஒன்றைக் கண்டவள்போல நின்றாள்.

"அன்னைக்கு காத்துதான காரணம்னு கேட்டேளே, மேக்க எறிஞ்ச கல்லுன்னு நெனச்சா கேட்டேள்?"

"பின்ன என்னத்த நெனைக்க?"

சிரித்துவிட்டாள். சிரித்ததும் கை இளகியது. மரியானைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கடல்ல நிக்கும்போ மேலன்னா எந்தப் பக்கம்?"

"கடல்லயும் மேக்குதான் மக்கா. ஆனா தண்ணிக்குள்ள முங்கினவங்கிட்ட மேல வாலேன்னு சொன்னா, அவன் மேக்கயா நீந்துவான்? பொங்கித்தான் வருவான்."

"அதுதான்" என்றாள். போர்டுக்குத் திரும்பினாள். குரல் இப்போது கண்ணாடிக்குச் சொன்ன குரல் இல்லை. அடுக்களையிலிருந்து என்னோடு சண்டை போடுகிற குரல். "மேலங்குத பேரு நாம வச்சது. மாமா மேக்குக்கு வச்சாவ. நான் ஆகாசத்துக்கு வச்சேன். கல்லுக்கு ரெண்டும் தெரியாது. அதுபாட்டுக்குப் போவும், அதுபாட்டுக்கு விழும். பிளஸ்ஸும் அதுமாதிரிதான். சார் கீழ்நோக்கி பிளஸ்னு வச்சா வச்சுக்கிடட்டும். ஆனா வச்சா எல்லாத்துக்கும் அதே பேருதான். அப்போ இழுப்பு பிளஸ் பத்து, நான் எறிஞ்ச வேகம் மைனஸ் இருபது."

போர்டின் இன்னொரு பாதியில் கடகடவென்று எழுதினாள். இடது பக்கம் அவள் பிளஸ், வலது பக்கம் பிரின்சிபால் பிளஸ். இரண்டு பக்கமும் அடியில் நாலு செகண்ட் என்று வந்து நின்றது. மைனஸ் இல்லாத நாலு.

"போன வருஷம் நான் ஒரு எடத்துல தப்பு பண்ணினேன் சார்" என்று அவளே சொன்னாள், யாரும் கேட்காமல். "வேகத்துக்கு ஆகாசம் பிளஸ்னு வச்சுட்டு, இழுப்புக்கு மட்டும் பூமி பிளஸ்னு வச்சுட்டேன். பாதி வழியில பேர மாத்திட்டேன். என்ன தப்புன்னு இப்பத்தான் தெரியுது."

பிரின்சிபால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். ஷிபா கைதட்டப்போய், மற்றவர்கள் தட்டவில்லை என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் ஆதிரா நின்றாள், நான் நின்றேன். மரியான் வந்து, "வாழ்த்து சொல்லட்டா, இல்ல பெறவு சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோலப்பன் வந்தார். சிமெண்டு மூட்டையைப் பார்க்கிற பார்வைதான், ஆனால் கொஞ்சம் தயவு இருந்தது.

"ஜூன் ஒண்ணாந்தேதி வந்துரு மோளே. சார் சொல்லுகாரு, படிச்சதை ஒப்பிக்க ஆள் நெறைய கெடைப்பாவளாம், நின்ன எடத்துல யோசிக்க ஆள் கொறைவாம்." என் பக்கம் திரும்பினார். "வோய், நீரும் வாரும். வகுப்புக்கு ஒரு ஆளு இப்பிடி இருந்தா நல்லது."

"எனக்கு வாழை இருக்கு" என்றேன்.

ஆதிரா அங்கேயே நின்று சிவபிரசாத்துக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை, வேலையில் இருப்பான். சேதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, "மாமா, இனி மஸ்கட்டு இல்ல" என்றாள்.

"இல்லாட்டா போகட்டும். நான் அங்க போவணும்னு எப்பம் சொன்னேன்?"

"உங்கள யாரு கூப்பிட்டா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

கண் நிறைந்திருந்தது அவளுக்கு. எனக்குப் புகையிலை ஞாபகம் வந்து மடியைத் தடவினேன்.

அப்போது பிரின்சிபால் வந்தார். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். "ஐயா, நீங்க இன்னைக்கு ஒரு பெரிய விஷயத்தைத் தொட்டீங்க. இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. பிள்ளைகள் எல்லாரும் தப்பு பண்ற இடம்" என்றார். இன்னொன்று சொல்லுகிறேன் என்று தொடங்குகிறவன் ஒன்றோடு நிறுத்தமாட்டான்.

"அந்தக் கல் உச்சிக்குப் போகுதுல்ல, அங்கே அதோட வேகம் பூஜ்யம்."

"அப்போ நிக்கும்."

"நிக்காது. ஒரு கணம்கூட நிக்காது."

"வேகம் இல்லேன்னு நீருதான சொன்னீரு?"

"வேகம் பூஜ்யம். ஆனா இழுப்பு அங்கேயும் அப்படியே இருக்கு. அதனால நிக்காது."

"வேகமும் இல்ல, நிக்கவும் இல்ல. பின்ன அங்க அது என்ன செய்யுகு?"

"மாமா, வாங்கோ" என்றாள் ஆதிரா.

"ஒரு கணம்ங்கிறது நீளமே இல்லாத நேரம் ஐயா. அந்த நேரத்துல..."

"நீளமே இல்லாத்த துணிய ஒருத்தன் வித்தா நீரு வாங்குவீரா?"

பிரின்சிபால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதக் காகிதம் இல்லாமல் உள்ளங்கையில் ஒரு மலைபோல வளைவு போட்டு, அதன் உச்சியில் புள்ளி வைத்தார். புள்ளியை எனக்குக் காட்டினார். உள்ளங்கை வியர்த்திருந்ததால் புள்ளி பரவியது. ஆதிராவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். ஒரே நாளில் கட்சி மாறிவிட்டாள். இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று, கல் நிற்காமல் நிற்பதை எனக்கு விளக்கினார்கள்.

கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டேன். வேலை கொடுத்த மனுஷன், மரியாதைக்கு.

"சார், நீங்க படிச்சவிய" என்று கும்பிட்டேன். "அவளுக்குச் சொல்லுங்கோ, அவ கேப்பா. நிக்கது நிக்கும், வாறது வரும். ரெண்டையும் சேத்து என்கிட்ட விக்கப்பிடாது."

"மாமா, ஒரு நிமிஷம், நான் எறிஞ்சே காட்டுகேன்..."

ஸ்கூட்டர் நின்ற இடத்துக்குப் போகாமல் நேரே கேட்டைப் பார்த்து நடந்தேன். எதிர்த்தாற்போல் ஒரு டீக்கடை இருந்தது. பின்னால் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மரியான் கேட்டைத் திறந்துவிட்டு, "என்னவாக்கும் சொல்லுகாவ?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல ஓய். நீராவது நம்பாதேயும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தேன்.